புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு – 17: எண்ணப்பட்ட வாந்தியும் எண்ணப்படாத குமட்டலும்

சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்மம் மருந்தாக உருவெடுத்த வரலாறு சென்ற பகுதியில் கூறப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க்கின் குழுவினர் பாக்டீரியாக்களைக் கொண்டு நடத்திய, 1965இல் வெளியான ஆய்விலிருந்து பிறந்த அம்மருந்து, இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974இல் தொடங்கிய கூட்டுமருந்துச் சிகிச்சையின் வழியாக, உடலின் பிற பாகங்களுக்குப் பரவிவிட்ட விரைப்புற்றையும் குணப்படுத்த வல்லது என்று நிறுவப்பட்டு, 1978 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. உயிர்காக்கும் மருந்து கிடைத்துவிட்டது. அதைத் தாங்கிக்கொள்ளும் வழி கிடைக்கவில்லை. தடுப்பு மருந்து எதுவுமின்றிச் சிஸ்பிளாட்டினைப் பெற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் வாந்தியெடுத்தனர். அதுவும் ஒருமுறை இருமுறை அன்று, முதல் நாளிலேயே பத்து முறைக்கு மேல் வாந்தியெடுப்பது இயல்பாக இருந்தது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்களும், மறுசுற்றுக்கு வர மறுத்தவர்களும் இருந்தனர். வாந்தித் தடுப்பு என்பது செவிலியர் கவனிக்கவேண்டிய சிறு தொல்லை என்ற நிலையிலிருந்து மாறித் தனித்ததோர் ஆய்வுத்துறையாக உருப்பெற்றது இந்த நெருக்கடியில்தான்.

வாந்தி என்பது இரைப்பையின் தனிச்செயல் அன்று. மூச்சு ஒரு கணம் அடங்க, குரல்வளை மூட, உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒருசேர இறுகி உள்ளிருப்பதை மேல்நோக்கித் தள்ளும் இச்செயலை, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளத்தில் உள்ள நரம்பணுக்கள் ஒருங்கிணைக்கின்றன. அமெரிக்காவில் பணியாற்றிய ஹெர்பர்ட் போரிசன், எஸ். சி. வாங் என்ற இரு உடலியலாளர்கள், 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் விலங்குகளின் மூளையில் குறிப்பிட்ட சிறு பகுதிகளை அழித்துப் பார்த்த சோதனைகளின் வழியாக, மூளையின் நான்காம் அறையின் தளத்தில் அமைந்த ஓரிடம் இரத்தத்தில் கலந்த நஞ்சுகளை உணர்ந்து வாந்தியைத் தூண்டுகிறது என்று காட்டினர். மூளையின் பிற பகுதிகளை இரத்தத்தில் உள்ள பொருட்களிலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு அவ்விடத்தில் இல்லாமையால், அது இரத்தத்தைச் சுவைத்துப் பார்க்கும் நாக்கைப்போல் செயல்படுகிறது. தின்ற நஞ்சை வெளியே தள்ளுவதற்கென உடல் வளர்த்துக்கொண்ட தற்காப்பு இது. சிரை வழியாக ஏற்றப்பட்ட புற்றுமருந்தை எத்தனை முறை வாந்தியெடுத்தாலும் வெளியேற்ற முடியாது என்பதை மட்டும் அத்தற்காப்பு அறியாது.

போரிசனும் வாங்கும் கண்டறிந்த இடத்தில் டோப்பமின் என்ற நரம்புவேதிப்பொருளுக்குரிய ஏற்பிகள் நிறைந்திருந்தன. ஏற்பி என்பது உயிரணுவின் மேற்பரப்பில் இருந்துகொண்டு குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதமாகும். டோப்பமினின் செயலைத் தடுக்கும் பினோதயசின் வகை மருந்துகள் மனநோய்க்காக ஏற்கெனவே வழக்கில் இருந்தமையால், அவற்றில் ஒன்றாகிய புரோகுளோர்பெரசின் வாந்திக்கும் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் சார்லஸ் மோர்ட்டல் 1960களில் இத்தகைய மருந்துகளை மருந்துப்போலியோடு, அதாவது மருந்தின் தோற்றம் மட்டுமே உடைய செயலற்ற மாத்திரையோடு, ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார். வாந்தித் தடுப்பில் கட்டுப்பாடுள்ள ஆய்வு என்ற மரபைத் தொடங்கிவைத்த பெருமை அவருக்கு உரியது. ஆனால் அவர் சோதித்தது ஃபுளூரோயுராசில் பெற்ற நோயாளிகளிடம். வாந்தியைத் தூண்டுவதில் அம்மருந்து சிஸ்பிளாட்டினுக்கு அருகிலும் நிற்காது. மென்மையான எதிரியிடம் பெற்ற வெற்றியைக் கொண்டு வலிய எதிரியை அளந்த பிழையை மருத்துவ உலகம் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தது.

அடுத்த முயற்சி மருத்துவர்களிடமிருந்து வரவில்லை, நோயாளிகளிடமிருந்து வந்தது. சிகிச்சைக்கு முன் கஞ்சா புகைத்தால் வாந்தி குறைகிறது என்று இளம் நோயாளிகள் சிலர் கூறியதைப் புறந்தள்ளாமல், பாஸ்டனில் ஸ்டீபன் சாலன், நார்மன் சின்பெர்க், எமில் ஃப்ரை ஆகியோர் கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளை மாத்திரை வடிவில் 22 நோயாளிகளிடம் சோதித்தனர். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி நடத்தப்படும் இரட்டை மறைப்பு முறையைப் பின்பற்றிய அவ்வாய்வு 1975இல் வெளியானது. மருந்து மருந்துப்போலியைத் தெளிவாக விஞ்சியது. பத்தாண்டுகள் கழித்து, 1985இல், அதன் செயற்கை வடிவம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மயக்கமும் மனக்குழப்பமும் உடன் வந்தமையால், குறிப்பாக முதியோரிடையே, அதன் பயன் குறுகிய வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

திருப்புமுனை 1981இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மையத்திலிருந்து வந்தது. மெட்டோகுளோப்ரமைட் என்ற மருந்து 1960களிலிருந்தே வயிற்றுக்கோளாறுகளுக்குப் பத்து மில்லிகிராம் அளவில் வழங்கப்பட்டுவந்தது. அந்த அளவில் அது சிஸ்பிளாட்டினிடம் தோற்றது. ரிச்சர்ட் கிரல்லாவும் அவருடைய குழுவினரும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் ஐந்து முறை சிரை வழியாகச் செலுத்தினர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மொத்தம் 600 மில்லிகிராம், வழக்கமான ஒற்றை அளவைப்போல் அறுபது மடங்கு. உயர் அளவு சிஸ்பிளாட்டினைப் பெற்ற நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சோதனையில் மருந்துப்போலியோடும் மற்றொன்றில் புரோகுளோர்பெரசினோடும் ஒப்பிட்டபோது, மருந்துப்போலிப் பிரிவில் வாந்தியின் இடைநிலை எண்ணிக்கை பத்துக்கு மேலும், மெட்டோகுளோப்ரமைட் பிரிவில் ஒன்றாகவும் இருந்தது. புரோகுளோர்பெரசினும் மெட்டோகுளோப்ரமைட்டிடம் தோற்றது என்பதும் அதே ஆய்வில் அம்பலமாயிற்று. உயர் அளவுக்கு விலையும் இருந்தது: இளம் நோயாளிகள் சிலருக்குக் கழுத்தும் தாடையும் தம் வசமின்றி முறுக்கிக்கொண்டன, அதைத் தணிக்க வேறொரு மருந்தும் உடன் தரவேண்டியதாயிற்று.

கிரல்லாவின் ஆய்வு மருந்தால் மட்டுமன்றி, அளவீட்டு முறையாலும் பின்வந்த அனைத்துக்கும் அச்சாக அமைந்தது. சிகிச்சை தொடங்கியதிலிருந்து இருபத்துநான்கு மணிநேரம் நோயாளியின் அருகிலிருந்து, எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை ஓங்காளம், அதாவது வெளியே எதுவும் வராத வெற்று எத்தனம், என்று நேரடியாகக் கண்டு குறித்துக்கொள்வது அம்முறை. வாந்தி கண்ணுக்குத் தெரிவது, எண்ணத்தக்கது, இருவர் பார்த்தாலும் ஒரே எண்ணைத் தருவது. குமட்டல் அப்படிப்பட்டதன்று, அதை அனுபவிப்பவர் சொன்னால் ஒழியப் பிறர் அறிய முடியாது. எனவே துறை வாந்தியை எண்ணியது. எண்ணிய ஒன்றை வெல்வதற்கே மருந்துகளும் வடிவமைக்கப்பட்டன என்பது அடுத்த நாற்பது ஆண்டு வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவருக்குப் புலப்படாமல் இராது.

நோயாளிகள் இதை எவ்வாறு கண்டனர் என்பதை சிட்னியில் ஆலன் கோட்ஸும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேதிச்சிகிச்சையின் பக்கவிளைவுகளின் பெயர்களைத் தாங்கிய அட்டைகளை நோயாளிகளிடம் தந்து, கொடுமையின் வரிசைப்படி அடுக்கச் சொன்னபோது, வாந்தி முதலிடத்தையும் குமட்டல் இரண்டாமிடத்தையும் பெற்றன. இந்த வரிசை பின்னர் எவ்வாறு புரண்டது என்பதற்கு இப்பகுதியின் இறுதியில் திரும்பவேண்டியிருக்கும்.

இதற்கிடையே மருந்தியலாளர்களை ஒரு புதிர் வாட்டியது. மெட்டோகுளோப்ரமைட் வேலை செய்வது டோப்பமினைத் தடுப்பதால்தான் என்றால், அதைவிடச் சிறப்பாக டோப்பமினைத் தடுக்கும் மருந்துகள் ஏன் சிஸ்பிளாட்டினிடம் தோற்கின்றன, வழக்கமான அளவில் செயலற்ற மெட்டோகுளோப்ரமைட் பன்மடங்கு அளவில் மட்டும் ஏன் வெல்கிறது? விடைக்கான திறவுகோல் 1957ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் கிடந்தது. எடின்பரோவில் ஜான் காடமும் சுலைக்கா பிக்கரெல்லியும் கினிப்பன்றியின் சிறுகுடலில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் விளைவுகளை ஆராய்ந்து, அதற்கு இருவகை ஏற்பிகள் உண்டு என்று கண்டு, ஒன்றுக்கு 'டி' என்றும் மற்றொன்றுக்கு 'எம்' என்றும் பெயரிட்டிருந்தனர். மெட்டோகுளோப்ரமைட் அதிக அளவில் இந்த 'எம்' வகை ஏற்பியையும் தடுக்கிறது என்பது 1970களின் இறுதியில் தெரியவந்தது. அப்படியானால் வாந்தியைத் தடுத்தது டோப்பமின் தடுப்பு அன்று, செரோட்டோனின் தடுப்பே என்ற ஐயம் எழுந்தது.

ஐயத்தைச் சோதிக்க ஒரு விலங்கு வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடங்களில் மிகுந்திருக்கும் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாந்தியெடுக்கும் ஆற்றலே இல்லை. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடைய ஃபெர்ரெட் என்ற சிறுவிலங்கு சிஸ்பிளாட்டினுக்கு மனிதரைப்போலவே வாந்தியெடுக்கிறது என்று 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது இத்துறைக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. இங்கிலாந்தில் பீச்சம் நிறுவனத்தைச் சேர்ந்த மைனரும் கேரத் சேங்கரும் 'எம்' வகை ஏற்பியை மட்டுமே தடுக்கும் சேர்மமொன்றை ஃபெர்ரெட்டுகளுக்குச் செலுத்தி, சிஸ்பிளாட்டின் வாந்தி அடங்குவதை 1986இல் அறிவித்தனர். அதே காலத்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரெண்டா காஸ்டலும் ராபர்ட் நெய்லரும் கிளாக்சோ நிறுவனத்தின் சேர்மமொன்றைக் கொண்டு அதே விளைவைக் கண்டனர். அச்சேர்மமே பின்னர் ஒண்டான்செட்ரான் என்று பெயர் பெற்றது. 'எம்' ஏற்பியும் புதிய வகைப்பாட்டில் செரோட்டோனினின் மூன்றாம் வகை ஏற்பி என்று பெயர் மாறியது.

விலங்கில் கண்டதை மனிதரில் நிறுவிய ஆய்வுகளில் காரகாஸ் நகரத்தில் லூயிஜி குபெட்டு நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வு தனித்து நிற்கிறது. முதன்முறையாகச் சிஸ்பிளாட்டினைப் பெறவிருந்த 28 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒண்டான்செட்ரானும் மற்றொரு பிரிவினருக்கு மருந்துப்போலியும் தந்ததோடு, செரோட்டோனின் சிதைந்து உருவாகும் கழிவுப்பொருள் சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் அவர் மணிக்கணக்கில் அளந்தார். சிஸ்பிளாட்டின் ஏறிய சில மணிநேரத்தில் அக்கழிவுப்பொருள் உயர்ந்தது, வாந்தியும் அதே நேரத்தில்தான் எழுந்தது. ஒண்டான்செட்ரான் பெற்றவர்களிடமும் கழிவுப்பொருள் அவ்வாறே உயர்ந்தது, ஆனால் வாந்தி பெரிதும் தடுக்கப்பட்டது. உடலிலுள்ள செரோட்டோனினில் மிகப் பெரும்பகுதியைச் சேமித்து வைத்திருக்கும் சிறுகுடல் சுவரின் உயிரணுக்கள், சிஸ்பிளாட்டினால் தாக்குண்டு அதை வெளிவிடுகின்றன. அது குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டுகிறது. ஒண்டான்செட்ரான் அந்த முனைகளில் உள்ள ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. மூளையில் மட்டுமே தேடப்பட்டுவந்த வாந்தியின் தோற்றுவாய் இவ்வாறு குடலுக்கு இடம்பெயர்ந்தது. உயர் அளவு மெட்டோகுளோப்ரமைட் ஓரளவுக்கேனும் பயன்தரும் என்பது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த நிலையில், சிஸ்பிளாட்டினைப் பெறுவோரில் ஒரு பிரிவினருக்குத் தடுப்பு எதுவும் தராமல் விட்டது அறமாகுமா என்ற கேள்வியையும் எழுப்பாமல் இவ்வாய்வைக் கடந்துசெல்வது நேர்மையாகாது. அறிவியல் வகையில் அது தந்த தெளிவு பெரிது, அத்தெளிவுக்கான விலையைக் கொடுத்தவர்கள் பதினான்கு நோயாளிகள்.

ஒண்டான்செட்ரான் 1991 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பொருளின்மீதன்றிச் செய்முறையின்மீது மட்டுமே மருந்துக் காப்புரிமை வழங்கிய அன்றைய இந்தியச் சட்டத்தின்கீழ் உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரித்தன. சிப்லா நிறுவனத்தின் எமிசெட் என்ற பெயரில் இன்று தமிழ்நாட்டின் எந்த மருந்துக்கடையிலும், புற்றுநோயோடு தொடர்பே இல்லாத வயிற்றுப்போக்குக் குழந்தைக்கும்கூட, கிடைக்கும் மருந்து அதுதான்.

அதனோடு இணைந்த துணைமருந்தின் கதை விந்தையானது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வாந்தியைத் தடுக்கும் என்று 1980களின் தொடக்கத்தில் மத்தி ஆப்ரோ உள்ளிட்ட பலர் கண்டனர். எவ்வாறு தடுக்கிறது என்பது இன்றுவரை முழுமையாக விளக்கப்படவில்லை. ஆயினும் இத்தாலியின் பெருஜியா நகரத்தை மையமாகக் கொண்டு ஃபௌஸ்டோ ரொய்லா, மௌரிட்சியோ தொனாத்தோ, அல்பானோ டெல் ஃபவேரோ ஆகியோர் நடத்திய ஆய்வில், ஒண்டான்செட்ரான் மட்டும் பெற்றபோது 64 விழுக்காடாக இருந்த வாந்தியற்ற நிலை, டெக்சாமெத்தசோனையும் சேர்த்தபோது 91 விழுக்காடாக உயர்ந்தது. விளக்கத்துக்காகக் காத்திராமல் பயனைக் கைக்கொண்ட இம்முடிவு, மருந்தியலின் தர்க்கத்தைவிடக் குலுக்கல் முறை ஆய்வின் சான்றே மேலானது என்று ஏற்றுக்கொண்ட ஒரு தலைமுறையின் அடையாளம்.

முதல் நாளை வென்றபின் இரண்டாம் நாள் கண்ணில் பட்டது. மார்க் கிரிஸ் 1985இலேயே, உயர் அளவு சிஸ்பிளாட்டினைப் பெற்ற 86 நோயாளிகளை ஐந்து நாட்கள் தொடர்ந்து கவனித்து, முதல் இருபத்துநான்கு மணிநேரம் கழிந்தபின் அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் குமட்டலோ வாந்தியோ தோன்றியதையும், அது 48 முதல் 72 மணிநேரத்துக்குள் உச்சமடைந்ததையும் காட்டியிருந்தார். இதற்குத் தாமத வாந்தி என்று பெயர். மருத்துவமனையில் எண்ணிக்கையெடுக்கும் செவிலியர் அருகில் இல்லாத நாட்களில், வீட்டில் நிகழ்வது அது. எனவேதான் அதுவரை பதிவேடுகளில் ஏறவில்லை. செரோட்டோனின் தடுப்பு மருந்துகள் இக்கட்டத்தில் பெரிதாக உதவவில்லை. மூன்றாவதாக, முன்சுற்றுகளில் துன்புற்றவர்கள் மருத்துவமனையின் மணத்தை நுகர்ந்த அளவிலேயே, மருந்து ஏறுவதற்கு முன்பே, குமட்டலுறும் எதிர்பார்ப்புக் குமட்டல் என்ற நிலையும் உண்டு. பாவ்லோவின் நாய்கள் பழகிக்கொண்டதைப்போன்ற கற்றலின் விளைவான இதற்குத் தளர்வுப் பயிற்சியை உள்ளடக்கிய நடத்தைச் சிகிச்சை பயனளிப்பதை கேரி மாரோ 1982இல் காட்டினார்.

தாமத வாந்திக்கான விடையும் ஒரு பழைய கண்டுபிடிப்பில்தான் கிடந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபான் ஆய்லர் 1931இல் லண்டனில் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் பிரித்தெடுத்த பொருளொன்றுக்குப் 'பி' பொருள் என்ற பெயர் நிலைத்தது. அவருடன் அந்த ஆய்வில் இருந்தவர், பின்னர் 1957இல் 'எம்' ஏற்பியைக் கண்ட அதே ஜான் காடம். வாந்தித் தடுப்பின் இருபெரும் மருந்துக் குடும்பங்களுக்கும் வேராக அமைந்த இரு கண்டுபிடிப்புகளிலும் பங்குகொண்ட அம்மனிதர், வாந்தியைப் பற்றி அவ்விரு முறையும் எண்ணியவர் அல்லர். அவற்றின் பயனைக் காணாமல் 1965இல் காலமானார். 'பி' பொருளின் ஏற்பியை அடைக்கும் அப்ரெபிடன்ட் என்ற மருந்தை மெர்க் நிறுவனம் மனச்சோர்வுக்கும் சோதித்தது. அங்கு அது நிலைக்கவில்லை, வாந்தித் தடுப்பில் நிலைத்தது. பால் ஹெஸ்கெத் 2003இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், ஒண்டான்செட்ரானும் டெக்சாமெத்தசோனும் மட்டும் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரும், அப்ரெபிடன்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும் ஐந்து நாட்களுக்கும் 'முழுப்பயன்' அடைந்தனர்.

'முழுப்பயன்' என்ற அச்சொல்லின் வரையறையில்தான் துறையின் பழைய பழக்கம் ஒளிந்திருந்தது. வாந்தி ஒருமுறையும் இல்லை, மீட்பு மருந்தும் தேவைப்படவில்லை என்பதே அதன் பொருள்; ஐந்து நாளும் குமட்டலோடு படுக்கையில் கிடந்து, உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட நோயாளியும், மாத்திரை எதுவும் கேட்கவில்லையென்றால், இக்கணக்கில் முழுப்பயன் பெற்றவரே. புற்றுமருந்துகளை அவை வாந்தியைத் தூண்டும் ஆற்றலின்படி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், முப்பது முதல் தொண்ணூறு, பத்து முதல் முப்பது, பத்துக்குக் கீழ் என நான்கு படிகளாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய தடுப்பை விதித்த பெருஜியா மாநாட்டின் நெறிமுறைகளும் வாந்தியையே அளவுகோலாகக் கொண்டன. சிட்னியில் கோட்ஸின் அட்டைகளை 1990களில் புதிய நோயாளிகளிடம் தந்தபோது குமட்டல் முதலிடத்துக்கு ஏறியிருந்தது, வாந்தி கீழே இறங்கியிருந்தது. ஒண்டான்செட்ரான் வந்துவிட்ட காலத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தை மருந்து நிறுவனங்கள் வெற்றியாக வாசித்தன. நோயாளிகள் சொன்னது வேறு: எஞ்சியிருப்பது எதுவென்று அவர்கள் சுட்டினர்.

அந்தச் சுட்டலுக்குப் பதிலளிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பதில் வந்ததும் புதிய மருந்தொன்றிலிருந்து அன்று. மனச்சிதைவு நோய்க்காக 1990களில் வந்த ஓலான்சபின், டோப்பமின், செரோட்டோனின் உள்ளிட்ட பல ஏற்பிகளை ஒருசேரத் தடுப்பது; காப்புரிமை தீர்ந்துபோனமையால் மலிவானது. ருடால்ஃப் நவாரி 380 நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட இரட்டை மறைப்பு ஆய்வில், அதுவரையிலான மூன்று மருந்துகளையும் அனைவருக்கும் தந்து, பாதிப்பேருக்கு ஓலான்சபினும் பாதிப்பேருக்கு மருந்துப்போலியும் கூடுதலாகத் தரப்பட்டன. இவ்வாய்வின் முதன்மை அளவுகோல் வாந்தி அன்று, குமட்டல். நோயாளிகளே பூச்சியம் முதல் பத்து வரை குறித்த எண் அதற்கு அளவு. முதல் நாளில் ஓலான்சபின் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினரும், மருந்துப்போலி பெற்றவர்களில் 45 விழுக்காட்டினரும் குமட்டலே இல்லாதிருந்தனர். ஐந்து நாட்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் அவ்வெண்கள் 37ஆகவும் 22ஆகவும் இறங்கின.

அதில் பயன்படுத்தப்பட்ட 10 மில்லிகிராம் அளவு நோயாளிகளைப் பகலிலும் உறங்கவைத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் 5 மில்லிகிராமைச் சோதித்து நற்பயன் கண்டனர். மும்பையின் டாட்டா நினைவு மையம் அதையும் பாதியாக்கியது. அங்கு 275 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு, வாந்தியின்மையோடு குமட்டல் இல்லாமையையோ மிகக் குறைவாக இருப்பதையோ சேர்த்தே வெற்றியை வரையறுத்தது. 10 மில்லிகிராம் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும், 2.5 மில்லிகிராம் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினரும் அவ்வெற்றியை எட்டினர். குறைந்த அளவு பெற்றவர்களிடம் பகல்நேர உறக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. நான்கு மருந்துகளையும் பெற்றபின்னும் எஞ்சிய பாதிக்கு மேற்பட்டோர் அந்த வரையறைக்கு வெளியே நின்றனர்.

(தொடரும்)